நேர சேர்வர்களின் அடுக்குகள்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் பாடசாலைக் கணினிக் கூடங்கள், தோட்ட அலுவலகங்கள், கடைகளின் கேமராப் பெட்டிகள் என்று வேலை பார்க்கும்போது நேரத்தைப் பற்றி ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும் என்பதால் மேலிருந்து வாசிப்பது நல்லது.

1. கம்ப்யூட்டர் நேரத்த எங்கேருந்து எடுக்குது? சிம் கார்ட்ல இருந்தா?

கைத்தொலைபேசி பெரும்பாலும் தன் மொபைல் வலையமைப்பிடம் நேரத்தை வாங்கிக்கொள்ளும். கணினி, ரூட்டர், கேமராப் பெட்டி, கைவிரல் அடையாள மெசின் எல்லாம் இணையத்தில் உள்ள நேர சேர்வர் ஒன்றைக் கேட்கும். அப்படிக் கேட்பதற்கும் பதில் சொல்வதற்கும் உள்ள விதிமுறைதான் என்டிபி. பின்னாளில் டெலவெயர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் இதை வடிவமைத்தார். முதல் ஆவணம் 1985இல் வந்தது. இப்போது நடப்பில் உள்ள நான்காம் பதிப்பு 2010இல் ஆர்எஃப்சி 5905 என்ற எண்ணில் வெளியானது. மில்ஸ் 2024 ஜனவரியில் காலமானார்.

ஒரு கேள்வியின் அளவு 48 பைட் மட்டுமே. யுடிபி 123 என்ற வாசல் வழியாகப் போய் வரும். டேட்டா தீர்ந்துவிடும் என்று யாரும் இதை நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

2. "ஸ்ட்ராட்டம் 2", "ஸ்ட்ராட்டம் 3"ன்னு காட்டுதே, அது என்ன?

அதுதான் அடுக்கு. மூலக் கடிகாரத்திலிருந்து நேரம் எத்தனை கை மாறி வந்திருக்கிறது என்ற எண்ணிக்கை. ஒரு தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். டீமேக்கர் ஐயா வானொலி நேரம் பார்த்துச் சங்கு ஊதச் சொல்கிறார். சங்கைக் கேட்டு கங்காணி தன் கைக்கடிகாரத்தைத் திருத்துகிறார். அவரிடம் கேட்டு லயத்துச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்துகிறார்கள். வானொலி 0 என்றால் சங்கு 1, கங்காணி 2, லயம் 3.

என்டிபியிலும் அதே கணக்குத்தான். அணுக் கடிகாரம், ஜிபிஎஸ் ரிசீவர் போன்ற மூலக் கடிகாரங்கள் 0ஆம் அடுக்கு. அவற்றோடு நேரடியாக இணைத்த கணினி 1ஆம் அடுக்கு. அதைக் கேட்பது 2, அதைக் கேட்பது 3. ஒவ்வொரு சேர்வரும் தான் கேட்கும் சேர்வரின் எண்ணோடு ஒன்றைக் கூட்டித் தன் எண்ணாகச் சொல்லும். வேறு எந்தப் பரீட்சையும் வைத்து அந்த எண் கொடுக்கப்படுவதில்லை. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதை மனதில் வைத்தாலே பதில் கிடைத்துவிடும்.

3. அப்ப நேரா 0ஆம் அடுக்கு சேர்வருக்கே கனெக்ட் பண்ணலாம்தானே?

0ஆம் அடுக்கில் சேர்வர் என்று எதுவும் இல்லை. அங்கே இருப்பது கடிகாரம் மட்டும். சீசியம் அணு 9,192,631,770 முறை அதிரும் காலம்தான் ஒரு செக்கன் என்று 1967இல் உலகம் ஒப்புக்கொண்டது. அந்த அதிர்வை எண்ணும் கருவியும், அப்படிப்பட்ட அணுக் கடிகாரங்களைச் சுமந்துகொண்டு 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செய்மதிகளின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவரும் இந்த அடுக்கில் வரும். இவற்றைக் கம்பி போட்டுத்தான் கணினியோடு இணைக்க வேண்டும். வலையமைப்பு வழியாகக் கேட்க முடியாது.

வலையமைப்பில் வரும் பதிலில் அடுக்கு 0 என்று இருந்தால் அது வேறு செய்தி. "நீ அளவுக்கு மீறிக் கேட்கிறாய், குறைத்துக்கொள்" என்றோ "உனக்குத் தர மாட்டேன்" என்றோ சேர்வர் சொல்கிறது என்று அர்த்தம்.

4. 16ன்னு காட்டுது சேர். அது ரொம்பத் தூரமா?

எண்ணிக்கை 15 வரைதான் செல்லும். 16 என்றால் "நான் இன்னும் யாரோடும் நேரம் சேர்க்கவில்லை, என்னை நம்பாதே" என்பது. கணினியைப் போட்ட முதல் சில நிமிடங்களுக்கு 16 காட்டுவது வழமை. அரை மணித்தியாலம் கழித்தும் 16 என்றால் இணைப்பைப் பாருங்கள். ரூட்டரோ, சேவை தரும் கொம்பனியோ யுடிபி 123ஐ அடைத்திருப்பதுதான் அடிக்கடி காணும் காரணம்.

5. ரெஃபரன்ஸ் கடிகாரத்திலிருந்து தூரம்னு சொல்றாங்க. கிலோமீட்டர் கணக்கா?

அடுக்கில் கிலோமீட்டருக்கு வேலை இல்லை. கொழும்பில் உள்ள 2ஆம் அடுக்கும் பிரேசிலில் உள்ள 2ஆம் அடுக்கும் எண்ணில் ஒன்றுதான்.

ஆனால் கிலோமீட்டர் வேறு வழியில் உள்ளே வரும். ஃபைபரில் ஒளி ஒரு மில்லிசெக்கனில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீட்டர். அப்படியென்றால் ஒரு வழிக்கே 13, 14 மில்லிசெக்கன் கட்டாயம் ஆகும், இடையில் எந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும். மஸ்கெலியாவில் இருந்து கேட்கிறவருக்கு இதோடு மலை உச்சிக் கோபுரத்திலிருந்து கொழும்பு வரைக்குமான பயணமும் சேரும். பக்கத்து ஊரில் ஒரு சேர்வர் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு கொம்பனியின் இணைப்பு என்றால் கேள்வியைச் சுமக்கும் பொதி கொழும்புக்கு இறங்கித் திரும்ப ஏறித்தான் வரும். ஆகவே வரைபடத்தில் பார்க்கும் தூரத்தை நம்பாமல், போய்வர எத்தனை மில்லிசெக்கன் ஆகிறது என்று அளந்து பாருங்கள்.

6. அடுக்கு 1தான் ரொம்பச் சரியான நேரம். அதையே போட்டா முடிஞ்சதுதானே?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. இதில் உள்ள நம்பிக்கைதான் பல இடங்களில் நேரத்தைக் கெடுக்கிறது. 1ஆம் அடுக்கு சேர்வரிடம் இருக்கும் நேரம் நல்லதாக இருக்கலாம். உங்களிடம் வந்து சேரும் நேரம் எப்படி இருக்கும் என்பதை வழிதான் தீர்மானிக்கிறது. ஐரோப்பாவில் உள்ள ஒரு 1ஆம் அடுக்கு சேர்வருக்குப் போய்வர 220 மில்லிசெக்கன் ஆகிறது என்று வையுங்கள். கொழும்பில் உள்ள ஒரு 3ஆம் அடுக்கு சேர்வருக்கு 28 மில்லிசெக்கன். வழியினால் வரக்கூடிய பிழையின் உச்ச அளவு, போய்வரும் நேரத்தில் பாதி. முதலாவதில் 110 மில்லிசெக்கன் வரை பிழைக்க இடம் உண்டு. இரண்டாவதில் 14 மட்டும்.

கொழும்புச் சேர்வரும் தன் மேலடுக்கிடமிருந்து கொஞ்சம் பிழையை வாங்கியிருக்கும், உண்மைதான். அதை அது ஒளிப்பதில்லை. மூலக் கடிகாரம் வரைக்கும் மொத்தம் எத்தனை தாமதம் சேர்ந்தது என்பதை ரூட் டிலே என்றும், எத்தனை சந்தேகம் சேர்ந்தது என்பதை ரூட் டிஸ்பெர்ஷன் என்றும் ஒவ்வொரு பதிலிலும் அனுப்புகிறது. ரூட் டிலேயில் பாதியையும் ரூட் டிஸ்பெர்ஷனையும் கூட்டி, அதோடு உங்களுக்கும் சேர்வருக்கும் இடையிலான தாமதத்தில் பாதியையும் சேர்த்தால் உண்மையான தூரம் கிட்டத்தட்ட வந்துவிடும். சேர்வர்களை ஒப்பிட வேண்டுமென்றால் அந்தக் கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள். மலையகத்தில் இருந்து பார்த்தால் கிட்டத்தில் உள்ள, ஆடாத 3ஆம் அடுக்கு, கடல் தாண்டிய 1ஆம் அடுக்கைப் பெரும்பாலும் வெல்லும்.

7. போய்வர்ற நேரத்த அதுவே கழிச்சிடும்னு படிச்சேனே. பிறகு ஏன் பிழை வருது?

கழிக்கிறது. ஆனால் போன நேரமும் வந்த நேரமும் சமம் என்று வைத்துக்கொண்டு கழிக்கிறது. கேள்வி புறப்பட்டது, சேர்வருக்குக் கிடைத்தது, சேர்வர் பதில் அனுப்பியது, பதில் கைக்கு வந்தது என்று நான்கு நேரக்குறிகள் இருக்கின்றன. முதலாவதும் நான்காவதும் உங்கள் கடிகாரம், நடுவில் உள்ள இரண்டும் சேர்வரின் கடிகாரம். மொத்தத் தாமதத்தை இவற்றிலிருந்து சரியாகக் கணக்கிடலாம். அதில் போகும்போது எத்தனை, வரும்போது எத்தனை என்று பிரிக்க வழியே இல்லை. ஆகவே பாதி பாதி என்று எடுத்துக்கொள்கிறது.

6ஆம் பதிலில் சொன்ன ஐரோப்பியச் சேர்வருக்குப் போக 140, வர 80 மில்லிசெக்கன் என்று வையுங்கள். என்டிபி இரண்டையும் 110 என்று நினைக்கும். வித்தியாசத்தில் பாதி, அதாவது 30 மில்லிசெக்கன், உங்கள் கணினி முன்னுக்குப் போய்விடும். திரையில் எல்லாம் பூச்சியத்துக்குப் பக்கமாக அழகாகத் தெரியும், நேரம் மட்டும் 30 மில்லிசெக்கன் பிழையாக இருக்கும். கொழும்புச் சேர்வருக்குப் போக 16, வர 12 என்றால் பிழை 2 மட்டுமே.

4ஜி ரூட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மொபைல் இணைப்பில் ஏறும் வழியும் இறங்கும் வழியும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பின்னேரத்தில் ஊரே ஒரு கோபுரத்தில் தொங்கும்போது வித்தியாசம் இன்னும் கூடும்.

8. அண்ணே, அப்ப எந்த சேர்வரைத்தான் போடணும்?

பெரும்பாலானவர்களுக்கு என்டிபி பூல் போதும். 2003இல் ஆட்ரியன் ஃபொன் பிடர் தொடங்கிய இந்தத் திட்டத்தில் உலகெங்கும் தொண்டர்கள் தங்கள் சேர்வர்களைச் சேர்த்திருக்கிறார்கள். பூலில் இலங்கைக்கு "எல்கே" என்ற வலயம் உண்டு, முழு ஆசியாவுக்கும் ஒரு வலயம் உண்டு. நாட்டு வலயத்தில் போதிய சேர்வர்கள் கிடைக்காத நேரத்தில் ஆசிய வலயம் கைகொடுக்கும். கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனத்தின் நேர சேவையையும் சேர்க்கலாம். அது தன்னை 3ஆம் அடுக்கு என்றுதான் சொல்லிக்கொள்ளும். ஆனால் ஒரே முகவரியைப் பல நாடுகளில் வைத்து, கிட்டத்தில் உள்ளதற்கு அனுப்பும் ஏற்பாடு அதில் இருக்கிறது. 6ஆம் பதிலுக்கு நல்ல உதாரணம்.

இலங்கையின் நியம நேரத்தைப் பேணும் பொறுப்பு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்துடையது. வழக்கு, விசாரணை என்று போகக்கூடிய பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகங்கள், தங்கள் நேரம் அந்த நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

9. ஒரு சேர்வர் போட்டா போதாதா? சரி, பாதுகாப்புக்கு ரெண்டு போடுறேன்.

ஒன்று போட்டால் அது சொல்வதுதான் வேதம். இரண்டு போட்டால் ஒன்று 10:00 என்றும் மற்றது 10:05 என்றும் சொல்லும்போது யாரை நம்புவது என்று கணினிக்குத் தெரியாது. மூன்று இருந்தால் இரண்டு சேர்ந்து மூன்றாவதைத் தள்ளிவிடும். நான்கு இருந்தால் ஒன்று படுத்தாலும் மூன்று மிஞ்சும். ஆகவே நான்கு போடுங்கள். ஒவ்வொரு சேர்வரும் சொல்லும் நேரத்தோடு அதன் பிழை எல்லையையும் வைத்து, பெரும்பான்மை எங்கே ஒன்றோடொன்று பொருந்துகிறது என்று என்டிபி பார்க்கும். பொருந்தாததை அடுக்கு பார்க்காமல் வெளியே போடும்.

10. சேர்வர் அடுக்கு 1ன்னு பொய் சொன்னா யார் கண்டுபிடிக்கிறது?

எண்ணை ஒவ்வொருவரும் தாமே சொல்லிக்கொள்கிறார்கள் என்று 2ஆம் பதிலில் பார்த்தோம். பொய் சொல்லவும் முடியும், தெரியாமல் பிழைக்கவும் முடியும். 2012 நவம்பர் 19ஆம் தேதி அமெரிக்கக் கடற்படை வானாய்வு நிலையத்தின் 1ஆம் அடுக்கு சேர்வர்கள் சிறிது நேரம் 2000ஆம் ஆண்டைச் சொன்னன. அவற்றை மட்டுமே நம்பியிருந்த பல நிறுவனங்களின் வலையமைப்புகள் குழம்பின. வேறு இடங்களையும் சேர்த்து நான்கைந்து சேர்வர் போட்டிருந்தவர்கள் 9ஆம் பதிலில் சொன்ன வாக்கெடுப்பினால் தப்பினார்கள்.

ஜிபிஎஸ் ரிசீவரும் தவறலாம். செய்மதி வார எண்ணை 1,024 வரைதான் எண்ணி மீண்டும் பூச்சியத்தில் தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படி நடந்தது. அதைக் கையாளத் தெரியாத பழைய ரிசீவர் கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னால் போய்விடும், அடுக்கு 1 என்று சொல்லிக்கொண்டே.

நடுவில் ஒருவர் பதிலை மாற்றி அனுப்புவது இன்னொரு ஆபத்து. அதற்கு என்டிஎஸ் என்ற கையொப்ப முறை 2020இல் வந்தது. சேர்வரும் உங்கள் மென்பொருளும் ஆதரித்தால் போட்டு வையுங்கள்.

11. எங்க லேப்ல முப்பது கம்ப்யூட்டர் இருக்கு. எல்லாம் தனித்தனியா வெளிய போய்க் கேட்கணுமா?

வேண்டாம். ஒரு கணினியை மட்டும் வெளியே நான்கு சேர்வரோடு சேர்த்துவிட்டு, மற்ற இருபத்தொன்பதையும் அதைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒன்று 3ஆம் அடுக்கு என்றால் பிள்ளைகளின் கணினிகள் 4ஆம் அடுக்கு. பாடசாலைக் கேபிளில் போய்வர ஒரு மில்லிசெக்கன்கூட ஆகாது. எண் ஒன்று கூடினாலும் முப்பதும் தங்களுக்குள் ஒத்துப்போகும், மாணவர்களின் வேலையைச் சேமிக்கும்போது எது முந்தியது எது பிந்தியது என்ற குழப்பம் வராது.

மேலடுக்கைக் காப்பாற்றுவதற்காகவும் இதைச் செய்ய வேண்டும். 2003இல் நெட்கியர் ரூட்டர்கள் சிலவற்றில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் நேர சேர்வர் முகவரியை உள்ளேயே எழுதி விற்றிருந்தார்கள். பதில் வராவிட்டால் செக்கனுக்கு ஒரு முறை கேட்கும்படியும் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு செக்கனுக்கு இலட்சக்கணக்கில் பொதிகள் வந்து குவிந்தன. நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு நேரம் பரிமாறுகிறவர்கள் மட்டுமே 1ஆம் அடுக்கைக் கேட்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பழைய மரியாதை. நம்மிடம் முப்பதுதான். நமக்கு 2ஆம் அடுக்கு தாராளம்.

12. ரெண்டு சேர்வர் ஒன்ன ஒன்னு பார்த்து நேரம் வச்சா சுத்திக்கிட்டே இருக்காதா?

அடுக்கு என்ற ஏற்பாட்டின் முக்கிய வேலையே இதைத் தடுப்பது. ஒரு சேர்வர் மற்றதைக் கேட்டு, அந்த மற்றது முதலாவதைக் கேட்டால் 3, 4, 5 என்று இருவரின் எண்ணும் ஏறிக்கொண்டே போய் 16ஐத் தொட்டு இருவரும் நின்றுவிடுவார்கள். அவ்வளவு தூரம் போகாமலும் தடுக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பதிலிலும் "நான் கேட்பது இவரை" என்று ஒரு அடையாளம் இருக்கும். 1ஆம் அடுக்கில் அது ஜிபிஎஸ் போன்ற நான்கு எழுத்துக்குள் அடங்கும் பெயர். அதற்குக் கீழே மேலடுக்குச் சேர்வரின் முகவரி, அது ஐபிவி6 என்ற புதிய வகை நீள முகவரி என்றால் அதிலிருந்து கணக்கிட்ட நான்கு பைட். அந்த அடையாளம் தன்னுடையதாக இருந்தால் கணினி அந்தச் சேர்வரை எடுக்காது.

13. கரண்டும் போய் இன்டர்நெட்டும் போச்சுன்னா எங்க சேர்வர் அடுக்கு என்ன ஆகும்?

மின்னல் காலத்தில் ரூட்டர் எரிந்து இரண்டு நாள் இணைப்பு இல்லாமல் இருப்பது இங்கே புதிதல்ல. சேர்வர் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தால் அடுக்கு எண் உடனே மாறாது. 6ஆம் பதிலில் சொன்ன ரூட் டிஸ்பெர்ஷன் மட்டும் கூடிக்கொண்டே போகும். என்டிபி விதிப்படி பத்து இலட்சத்துக்கு 15 பங்கு என்ற வேகத்தில் சந்தேகம் வளரும், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.3 செக்கன். ஆவணம் சொல்லும் எல்லை 1 செக்கன். அதைத் தொட 18 மணித்தியாலம் சொச்சம் ஆகும், அதன் பிறகு கேட்கிறவர்கள் அதைத் தள்ளத் தொடங்குவார்கள். உங்கள் மென்பொருளில் எல்லை கொஞ்சம் தளர்வாக இருக்கலாம். அந்தத் துண்டிப்பிலும் கூடத்துக் கணினிகள் ஒன்றாக ஓட வேண்டுமென்றால், வெளியே யாரும் இல்லாதபோது உள் கடிகாரத்தை 10ஆம் அடுக்காகக் கொடுக்கச் சொல்லி வைக்கலாம். 10 என்று பெரிய எண்ணைக் கொடுப்பதற்குக் காரணம், உண்மையான சேர்வர் திரும்பி வந்ததும் எல்லோரும் அதற்கே போய்விட வேண்டும் என்பதுதான்.

கரண்டும் போய் கணினி அணைந்தால் தாய்ப்பலகையில் உள்ள சின்ன பற்றரியும் குவார்ட்ஸ் படிகமும்தான் நேரத்தைப் பிடித்திருக்கும். அந்தப் படிகம் 25 பாகை செல்சியசுக்குச் சரி செய்யப்பட்டது. அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும். நுவரெலியாவில் இரவில் 10 பாகைக்கு இறங்கும் அறையில் அது பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 8 பங்கு பிந்தும், நாளைக்கு முக்கால் செக்கனுக்குக் கிட்ட. குளிர் மாதங்களில் "மெசின் பிந்துது" என்று சொல்பவர்கள் சொல்வது சரிதான்.

14. பற்றரி செத்து 2009ன்னு காட்டுது. என்டிபி ஓடுது, ஆனா சரிப்பண்ண மாட்டேங்குது.

வித்தியாசம் 1,000 செக்கனுக்கு மேல் இருந்தால் பழைய என்டிபி நிரல் "எங்கேயோ பெரிய பிழை" என்று முடிவு செய்து நின்றுவிடும். தொடக்கத்தில் ஒரு தடவை மட்டும் எவ்வளவு இருந்தாலும் திருத்த அனுமதி கொடுக்கும் தெரிவு அதில் உண்டு, அதைப் போடுங்கள். பற்றரியையும் மாற்றுங்கள், விலை குறைவு.

15. ஜிபிஎஸ் ஒன்னு வாங்கி ராஸ்பெரி பையில மாட்டுனா நாங்களே அடுக்கு 1 ஆகிடுவோமா?

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியிலேயே ஆகலாம். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் இடங்களுக்கு நான் மனமாரச் சிபாரிசு செய்வது இதைத்தான், இரண்டு நிபந்தனைகளோடு. முதலாவது, ரிசீவரில் பிபிஎஸ் என்ற கம்பி இருக்க வேண்டும். செக்கனுக்கு ஒரு துடிப்பு அதில் வரும், மைக்ரோசெக்கன் அளவில் சரியாக. அந்தக் கம்பி இல்லாத யுஎஸ்பி ரிசீவர் எழுத்துக்களாக நேரத்தை அனுப்பும். அது நூற்றுக்கணக்கான மில்லிசெக்கன் பிந்தி, அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு அளவில் பிந்தி வரலாம். இரண்டும் திரையில் அடுக்கு 1 என்றுதான் காட்டும். யுஎஸ்பி ரிசீவர் மட்டும் வைத்த அடுக்கு 1ஐ விட 8ஆம் பதிலில் சொன்ன பூல் சேர்வர்கள் எவ்வளவோ மேல்.

இரண்டாவது, வானம் தெரிய வேண்டும். பள்ளத்தாக்கில் இருக்கும் தோட்டங்களில் இரு பக்கமும் மலை மறைக்கும், சவுக்கும் யூக்கலிப்டஸ்ஸும் மறைக்கும், தகரக் கூரை முழுதாக அடைத்துவிடும். இடத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கண்டுபிடிக்க நான்கு செய்மதி வேண்டும். இடம் ஏற்கனவே தெரிந்து, அதை மனதில் வைத்துக்கொள்ளும் ரிசீவர் என்றால் நேரத்துக்கு ஒன்றுகூடப் போதும். அண்டெனாவைக் கூரைக்கு மேலே வையுங்கள். இடி இறங்கும் ஊர் என்பதால் மின்னல் தடுப்பும் போடுங்கள். முதல் தடவை போட்டதும் பதினைந்து நிமிடமாவது விட்டுவிடுங்கள். ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தை விட 18 செக்கன் முன்னால் ஓடுகிறது, அந்த வித்தியாசத்தைச் சொல்லும் செய்தி முழுதாக வர 12½ நிமிடம் வரை ஆகும்.

16. எல்லாம் சரி, ஆனா கேமராவுல அரை மணித்தியாலம் முன்னுக்குக் காட்டுது. சேர்வர் பிழைதானே?

அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்று முழு அளவில் வித்தியாசம் வந்தால் சேர்வரைச் சந்தேகிக்காதீர்கள். என்டிபி அனுப்புவது உலகப் பொது நேரம் மட்டும். அதோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டுவது உங்கள் கருவியின் வேலை. 1996இல் இலங்கை நேரம் முதலில் ஆறரைக்கும், சில மாதங்களில் ஆறுக்கும் மாறியது. 2006 ஏப்ரல் புத்தாண்டுக் காலத்தில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. அந்த இடைவெளியில் செய்த பட்டியலை வைத்திருக்கும் கருவிகளில் "ஸ்ரீ ஜயவர்தனபுர" என்பதற்கு ஆறு மணித்தியாலம் என்று இருக்கும். அதை விட்டுவிட்டு, இந்தியாவுக்குரிய ஐந்தரை வலயத்தைத் தெரிவு செய்தால் சரியாகிவிடும்.

17. நேத்து அடுக்கு 2 இருந்துச்சு, இன்னைக்கு 3. கெட்டுப்போச்சா?

இல்லை. உங்கள் கணினி இன்று வேறு சேர்வரைத் தெரிவு செய்திருக்கிறது, அல்லது மேலே இருப்பவர் தன் மேலடுக்கை மாற்றியிருக்கிறார். ஆஃப்செட், அதாவது சேர்வரின் நேரத்துக்கும் உங்கள் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம், பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் பேசாமல் விடுங்கள்.

18. அடுக்கு முக்கியமில்லன்னு சொல்றீங்க. ஆனா சொப்ட்வெயரே சின்ன அடுக்கத்தானே முதல்ல எடுக்குது?

நல்ல கேள்வி. பழைய என்டிபி நிரலில், வாக்கெடுப்பில் தப்பியவர்களை வரிசைப்படுத்தும்போது ஒரு அடுக்கு வித்தியாசத்துக்கு ஒரு முழு செக்கன் பெறுமதி கொடுத்து, அதோடு 6ஆம் பதிலில் சொன்ன தூரத்தைக் கூட்டுவார்கள். ஆகவே சின்ன எண் முன்வரிசைக்கு வரும். அதன் பிறகு அதிகம் ஆடுகிறவர்களை ஒவ்வொருவராகக் கழிப்பதால், தூரத்தில் உள்ள 1ஆம் அடுக்கு மோசமாக ஆடினால் கடைசியில் வெளியே போகலாம். ஆடாமல், ஆனால் 7ஆம் பதிலில் சொன்ன மாதிரி ஒரு பக்கம் சாய்ந்த வழியில் இருந்தால் தப்பி உள்ளே நின்றுவிடும். அதைத்தான் நாமே பட்டியலில் போடாமல் தவிர்க்க வேண்டும்.

குரோனி என்ற புதிய நிரலில் ஒரு அடுக்குக்கு ஒரு மில்லிசெக்கன் மட்டுமே பெறுமதி. அங்கே கிட்டத்தில் உள்ள 3ஆம் அடுக்கு, கடல் தாண்டிய 1ஆம் அடுக்கை இலகுவாக முந்தும். விட்டு விட்டு வரும் மலையக இணைப்புகளுக்கும் குரோனி நன்றாகப் பொருந்துகிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு என் தெரிவு அதுதான்.

19. கூகுள் டைமையும் சேர்த்துப் போடலாமா?

தனியாகப் போடலாம், மற்றவற்றோடு கலக்காதீர்கள். பூமியின் சுழற்சியோடு பொருந்த உலக நேரத்தில் எப்போதாவது கூட்டும் ஒரு செக்கன்தான் லீப் செக்கன். அது வரும்போது கூகுள் அந்த ஒரு செக்கனை 24 மணித்தியாலத்தில் பரப்பிக் கரைக்கும், மற்றவர்கள் பெரும்பாலும் ஒரேயடியாகச் சேர்ப்பார்கள். அந்த ஒரு நாள் இருவரும் ஒத்துப்போக மாட்டார்கள். கடைசி லீப் செக்கன் வந்தது 2016 டிசம்பர் 31. 2035க்குள் இந்த வழக்கத்தை நிறுத்துவதாக 2022இல் தீர்மானமாகியிருக்கிறது.

20. பெரிய லிஸ்ட் ஒன்னு வருது. அதுல எதைப் பார்க்கணும்?

என்டிபிகியூ என்ற கட்டளை காட்டும் பட்டியலில் முதலில் ரீச் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். 377 என்றால் கடைசி எட்டு கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது. அப்புறம் டிலே (தாமதம்), ஆஃப்செட், ஜிட்டர் (நேரம் ஆடும் அளவு). மூன்றும் மில்லிசெக்கனில் இருக்கும். ஜிட்டர் சின்னதாக, டிலே சின்னதாக உள்ள வரியே உங்களுக்கு நல்ல சேர்வர். இடது ஓரத்தில் நட்சத்திரம் உள்ள வரியைத்தான் கணினி இப்போது பின்பற்றுகிறது. அடுக்கைக் காட்டும் "எஸ்டி" நெடுவரிசையைக் கடைசியாகப் பாருங்கள், 16 இல்லாமல் இருந்தால் சரி.

21. கைவிரல் மெசின்ல அடுக்கே காட்டாது. காலையில ஆறு நிமிசம் பிந்துனதா அரைப்பேர் போட்டுட்டாங்க. மெசின் நேரம் பிழைன்னு எப்படிக் காட்டுறது?

இந்தக் கேள்வி கேட்டவருக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்று சொன்னாலும் தகும். ஒருவரின் அரை நாள் சம்பளம் அந்தக் கடிகாரத்தில் தொங்குகிறது. அப்படிப்பட்ட மெசின்கள் பல, என்டிபியின் சுருக்க வடிவத்தை மட்டுமே பேசும். ஒரே ஒரு சேர்வரைக் கேட்கும், 9ஆம் பதிலில் சொன்ன வாக்கெடுப்பு கிடையாது, எப்போது கடைசியாக நேரம் சேர்த்தது என்றும் சொல்லாது. சில மெசின்களில் அந்த வசதியே அணைந்து கிடக்கும். அதன் நேரத்தைக் கண்ணை மூடி நம்ப எந்தக் காரணமும் இல்லை.

அலுவலகத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது இது. மெசினை இணையத்தில் உள்ள எதையும் கேட்கவிடாமல், 11ஆம் பதிலில் சொன்ன உள்ளூர் சேர்வரைக் கேட்கச் செய்யுங்கள். அந்தச் சேர்வரில் தினசரி ஆஃப்செட் பதிவை எழுதும் வசதியைப் போடுங்கள். பழைய நிரலில் லூப்ஸ்டாட்ஸ், குரோனியில் டிராக்கிங் பதிவு. காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டத்துக்கு) முன்னால், சேர்வரின் நேரம் தெரியும் திரையையும் மெசினின் திரையையும் ஒரே படத்தில் பிடித்து வையுங்கள், ஒவ்வொரு நாளும்.

தொழிலாளி பக்கத்தில் இருப்பவர் கையில் பதிவு எதுவும் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. வலையமைப்பில் நேரம் எடுக்கும் கைத்தொலைபேசியில் செக்கன் தெரியும்படி கடிகாரத்தை வைத்து, மெசினையும் அதையும் சேர்த்து அன்றைக்கே வீடியோ எடுங்கள், சில நாள் கழித்தும் எடுங்கள். இரண்டு நாளும் அதே ஆறு நிமிடம் தெரிந்தால் மெசினின் கடிகாரம் தள்ளி வைக்கப்பட்டிருக்கலாம். நாளுக்கு நாள் கூடினால் அது நேரமே சேர்க்கவில்லை, தன் படிகத்தில் ஓடுகிறது. செக்ரோல் (சம்பளப் பதிவேடு) முடிப்பதற்கு முன்னால் இரண்டு வீடியோவையும் எடுத்துக்கொண்டு, சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.